கழுத்துப் பிடிப்பா, ஒற்றைத் தலைவலியா: எது முதலில்?

கேள்வி: வணக்கம் மேடம். போடியில் ஏலக்காய் கடையில் காய் பொறுக்கும் வேலை பார்க்கிறேன். வயது 36. அதற்கு முன்னால் பூப்பாறை பக்கம் தோட்டத்துக்கு ஜீப்பில் போய்க் காய் எடுத்துக்கொண்டிருந்தேன். மாதத்தில் நாலைந்து தடவை வலது பக்கக் கழுத்து இழுத்துப் பிடிக்கிறது. அன்று மத்தியானத்துக்குள் வலது கண்ணுக்குப் பின்னால் தெறிக்கிற மாதிரி வலி. வெளிச்சத்தைப் பார்க்க முடியாது, காய் வாசனை பட்டாலே குமட்டும். வாந்தி எடுத்துப் படுத்தால் மறுநாள் சாயங்காலம்தான் எழுந்திருக்க முடிகிறது. எக்ஸ்ரே எடுத்துக் கழுத்தெலும்பு தேய்ந்திருக்கிறது, பட்டை போடு என்றார்கள். குமுளியில் எண்ணெய் தேய்த்து உழிச்சல் பார்த்தேன், கொஞ்ச நாள் நன்றாக இருந்தது, திரும்ப வந்துவிட்டது. இப்போது மெடிக்கலில் செட் மாத்திரை வாங்கிப் போட்டு ஓட்டுகிறேன், வாரத்தில் மூன்று நாள் போட வேண்டியிருக்கிறது. வீட்டுக்காரர் சலூனில் கழுத்தைத் திருப்பி நெட்டி எடுப்பார், எனக்கும் அதே மாதிரி எடுத்துவிடுகிறேன் என்கிறார். கழுத்தைச் சரி பண்ணிவிட்டால் தலைவலி போய்விடுமா? ஸ்கேன் எடுக்க வேண்டுமா, கோட்டயம் மெடிக்கல் காலேஜுக்குப் போகலாமா? என் பெண்ணுக்கு 12 வயது, மலையேறும் ஜீப்பில் ஏறினாலே வாந்தி. அவளுக்கும் இது வருமா?

- ஒரு வாசகி, போடிநாயக்கனூர்

பதில்: பிசியோதெரபிஸ்ட்

அன்புள்ள சகோதரிக்கு,

மற்றதெல்லாம் அப்புறம். முதலில் அந்த நெட்டி விஷயம். உங்கள் வீட்டுக்காரரை உங்கள் கழுத்தைத் தொட விடாதீர்கள். அவரும் இனி சலூனில் அதைச் செய்துகொள்ள வேண்டாம். கழுத்தெலும்புகளின் இரண்டு பக்கமும் உள்ள துளைகள் வழியாக மூளைக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் ஏறுகின்றன. மேலே, தலை எலும்புக்குச் சற்றுக் கீழே, அவை வளைந்து உள்ளே நுழைகின்றன. தலையைச் சட்டென்று முறுக்கும்போது அந்த இடத்தில் குழாயின் உள்சுவர் கிழியலாம். கிழிந்த இடத்தில் இரத்தம் உறைந்து, அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். அடிக்கடி நடப்பதில்லை, ஆனால் நடந்தால் திரும்பி வர வழியில்லாமல் போய்விடும். இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. குழாய் தானாகவே லேசாகக் கிழிந்தாலும் முதலில் தெரிவது கழுத்து வலியும் ஒரு பக்கத் தலைவலியும்தான். அதைச் சுளுக்கு என்று நினைத்துக்கொண்டு போய்த் தலையைக் கொடுப்பவர்கள் உண்டு. 'இத்தனை வருஷமா எடுக்கிறேன், எனக்கு ஒண்ணும் ஆகலையே' என்பார் உங்கள் வீட்டுக்காரர். எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

நீங்கள் எழுதியிருப்பதை அப்படியே ஒரு நரம்பியல் மருத்துவரிடம் படித்துக் காட்டினால் அவர் மைக்ரேன், அதாவது ஒற்றைத் தலைவலி, என்றுதான் சொல்வார். ஒரு பக்கமாக வருகிறது, துடிக்கிறது, வேலை செய்ய விடாமல் படுக்க வைக்கிறது, வாந்தி வருகிறது, வெளிச்சமும் வாசனையும் ஆகவில்லை, மறுநாள் வரை நீடிக்கிறது. மருந்து போடாமல் விட்டால் 4 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரம் வரை இருக்கும் என்பது மருத்துவர்கள் வைத்திருக்கும் அளவு. உங்களுடையது அதற்குள் அடங்குகிறது. சேர்ந்து சத்தமும் ஆகவில்லையா என்று எழுதவில்லை. அநேகமாக ஆகாது. ஏலக்காய் தரம் பிரிக்கும் இடத்தில் சல்லடை ஓடும் சத்தம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

அப்படியென்றால் கழுத்து? உங்களுக்கு மட்டுமில்லை, மைக்ரேன் உள்ளவர்களில் பெரும்பாலானவர்களுக்குக் கழுத்து வலி இருக்கிறது. 2010-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், தலைவலிக்கு மருந்து எடுக்கும் நேரத்தில் குமட்டல் இருந்தவர்களைவிடக் கழுத்து வலி இருந்தவர்களே அதிகம் என்று கண்டார்கள். குமட்டலைத்தான் மைக்ரேனின் அடையாளம் என்று பாடப்புத்தகமே சொல்லும். கழுத்தை அந்தப் பட்டியலில் யாரும் சேர்க்கவில்லை. அதனால்தான் கழுத்து வலிக்கிறது என்று நீங்கள் சொன்னதும் கழுத்தை எக்ஸ்ரே எடுக்க அனுப்புகிறார்கள். நீங்களும் 'கழுத்திலிருந்துதானே ஆரம்பிக்கிறது, அப்போ கழுத்துதானே காரணம்' என்ற முடிவுக்கு வந்திருக்கிறீர்கள். கேட்டால் நியாயமாகத்தான் இருக்கிறது. நான் கழுத்தைப் பிடித்துவிட்டுச் சம்பாதிக்கிறவள், ஆமாம் என்று சொன்னால் எனக்கு லாபம். ஆனால் அது பெரும்பாலும் சரியில்லை.

மைக்ரேன் தாக்குதல் தலை வலிக்கும்போது தொடங்குவதில்லை. அதற்குச் சில மணி நேரம் முன்பே, சிலருக்கு முந்தின நாளே, மூளையின் அடியில் ஹைப்போதலாமஸ் என்ற பகுதியில் மாற்றம் தொடங்கிவிடுகிறது. பசி, தூக்கம், உடல் சூடு எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் இடம் அது. அதனால் அந்தக் கட்டத்தில் காரணமில்லாமல் கொட்டாவி வரும், அசதியாக இருக்கும், சிடுசிடுப்பு வரும், இனிப்பு தின்ன வேண்டும் போலிருக்கும், அடிக்கடி சிறுநீர் போக வேண்டியிருக்கும். கூடவே கழுத்து விறைக்கும். 2003-இல் வெளியான ஓர் ஆய்வில் நோயாளிகளிடம் சிறு கணினிகளைக் கொடுத்து, தலைவலி வருமுன்னே தோன்றுவதையெல்லாம் பதியச் சொன்னார்கள். பாதிப் பேர் கழுத்து விறைப்பைப் பதிந்திருந்தார்கள். அசதியும், மனம் ஒரு இடத்தில் நிற்காததும்தான் அதைவிட அதிகமாகவோ அதே அளவுக்கோ வந்தவை. ஆக, உங்கள் கழுத்து இழுக்கும்போது மைக்ரேன் 'வரப்போகிறது' என்று நினைக்கிறீர்கள். அது ஏற்கெனவே வந்துவிட்டது.

அடுத்து, கழுத்தும் கண்ணும் எப்படிச் சம்பந்தப்படுகின்றன என்ற கேள்வி. முகத்திலும் நெற்றியிலும் கண்ணைச் சுற்றியும், மூளையைச் சுற்றியிருக்கும் உறையிலும் வலியை உணர்வது முக்கிளை நரம்பு. ட்ரைஜெமினல் என்று டாக்டர்கள் சொல்வார்கள். கழுத்தின் மேல் பகுதித் தசைகளிலும் பின்மண்டையிலும் வலியை உணர்வது கழுத்துத் தண்டுவடத்தின் முதல் மூன்று நரம்புகள். இந்த இரண்டு கூட்டமும் மூளைத்தண்டின் கீழ்ப்பகுதியில், தண்டுவடம் தொடங்கும் இடத்தில், ஒரே நரம்பணுக்களிடம் போய்ச் செய்தி சொல்கின்றன. போடியிலிருந்து வரும் வண்டியும் கம்பத்திலிருந்து வரும் வண்டியும் தேனியில் சேர்ந்துவிட்டால், அதைத் தாண்டி மதுரை ரோட்டில் நிற்கிறவருக்கு எந்த வண்டி எங்கிருந்து வந்தது என்று எப்படித் தெரியும்? மூளையின் நிலைமையும் அதுதான். கழுத்திலிருந்து வந்த வலியைக் கண்ணில் என்று எடுத்துக்கொள்ளும், உறையிலிருந்து வந்த வலியைக் கழுத்தில் என்று எடுத்துக்கொள்ளும்.

2002, 2003 ஆண்டுகளில் லண்டனில் எலிகளை வைத்து இதைச் சோதித்துப் பார்த்தார்கள். பின்மண்டை நரம்பைத் தூண்டினால் மூளை உறையின் உணர்ச்சி கூடியது. மூளை உறையைத் தூண்டினால் கழுத்துத் தசையின் உணர்ச்சி கூடியது. இரண்டு திசையிலும் நடக்கிறது என்பதுதான் இதில் முக்கியம். கழுத்து சும்மா இருந்தாலும் மைக்ரேன் வந்து கழுத்தை வலிக்க வைக்கும். கழுத்தில் நிஜமாகவே ஒரு கோளாறு இருந்தால் அது மைக்ரேனைச் சீண்டிக்கொண்டே இருக்கும். முதலாவது தெரியாதவர்கள் எல்லாத் தலைவலிக்கும் கழுத்தைத் திருகுகிறார்கள். இரண்டாவது தெரியாதவர்கள் 'கழுத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை, மாத்திரையைப் போடு' என்கிறார்கள்.

என்னைப் போன்றவர்கள் செய்யும் ஒரு வித்தையையும் சொல்லிவிடுகிறேன். பின்மண்டை எலும்புக்குக் கீழே, நடுவிலிருந்து இரண்டு விரல் தள்ளி, குட்டித் தசைகள் இருக்கின்றன. அங்கே கட்டை விரலை வைத்து அழுத்திப் பிடித்தால் உங்களுக்குக் கண்ணுக்குப் பின்னால் அதே பழைய வலி வரும். 'பார்த்தீங்களா, இங்கேதான் இருக்கு கோளாறு' என்று சொல்ல மிகவும் வசதியான நேரம் அது. நோயாளியும் அசந்துபோவார். ஆனால் மைக்ரேன் உள்ள பெரும்பாலானவர்களுக்கு அங்கே அழுத்தினால் தலையில் வலிக்கும். நரம்பணுக்கள் உசுப்பிவிடப்பட்ட நிலையில் இருக்கின்றன என்பதுதான் அதற்குப் பொருள், கழுத்தில் வியாதி இருக்கிறது என்பதற்கு அது சாட்சி ஆகாது. அடுத்த முறை யாராவது அப்படி அழுத்திக் காட்டினால் பணத்தை எடுக்குமுன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

கழுத்திலிருந்தே வரும் தலைவலி என்று ஒன்று தனியாக உண்டு. கழுத்து அசைவு நன்றாகக் குறைந்திருக்கும், தலையை ஒரு குறிப்பிட்ட விதமாகத் திருப்பினால் அப்போதே வலி கிளம்பும், பெரும்பாலும் பக்கம் மாறாது, துடிப்பும் வாந்தியும் அவ்வளவாக இருக்காது. நாங்கள் அதை ஒரு சோதனையில் பார்ப்போம். மல்லாக்கப் படுக்க வைத்து, தாடை நெஞ்சைத் தொடும் அளவு தலையை முழுவதும் மடக்கி, அப்படியே இரண்டு பக்கமும் மெதுவாகத் திருப்புவோம். மடக்கிய நிலையில் கீழ்க் கழுத்து பூட்டிக்கொள்ளும், முதல் இரண்டு எலும்புக்கு இடையில் மட்டும்தான் திரும்பும். சாதாரணமாக 45 டிகிரிக்கு அருகில் போகும். ஒரு பக்கம் பாதி வழியிலேயே நின்றுவிட்டால் அந்த மூட்டைக் கவனிக்க வேண்டும். இதை நீங்களே வீட்டில் செய்து பார்க்க வேண்டாம், பழகிய கை வேண்டும். உங்கள் கடிதத்தை வைத்துப் பார்த்தால் உங்களுடையது முதன்மையாக மைக்ரேன்தான். கழுத்து கூடச் சேர்ந்து தொந்தரவு பண்ணுகிறதா என்பதை நேரில் பார்த்துத்தான் சொல்ல முடியும். பண்ணும் என்று சந்தேகிக்க உங்கள் வேலையே போதும்.

ஏலக்காய்ச் செடியில் காய் பிடிப்பது தூருக்குப் பக்கத்தில், தரையோடு தரையாக. காய் எடுக்கிறவர் குனிந்து, கழுத்தை நிமிர்த்தி உள்ளே பார்த்தபடியே நாள் முழுக்க நகர வேண்டும். அப்புறம் ஜீப்பில் பக்கவாட்டு சீட்டில் உட்கார்ந்து ஒவ்வொரு கொண்டையூசி வளைவுக்கும் தலையைப் பிடித்துக்கொண்டு போடிமெட்டு இறங்க வேண்டும். இப்போது கடையில் கால் நீட்டி உட்கார்ந்து, சுளகைத் தரையில் வைத்து, வெடித்த காயையும் நிறம் மங்கிய காயையும் பொறுக்குகிறீர்கள். தலையின் எடை ஐந்து கிலோ இருக்கும். அதை முன்னால் தொங்கவிட்டுக்கொண்டு, கண்ணைக் கூர்மையாக வைத்துக்கொண்டு, தோள் இரண்டையும் தூக்கியபடி விரல் வேலை. கழுத்தின் பின்பக்கத் தசைகள் மணிக்கணக்கில் இழுத்துப் பிடித்தபடியே இருக்கின்றன. முன்பக்கம், தொண்டைக்குப் பின்னால் எலும்பை ஒட்டி இருக்கும் ஆழமான தசைகள் வேலை இல்லாமல் சோர்ந்துபோகின்றன.

உங்கள் எக்ஸ்ரேயைப் பற்றி. 'தேய்மானம்' என்ற சொல் கேட்டதும் நம் ஆட்கள் பாதி உயிராகிவிடுகிறார்கள். ஜப்பானில் எந்த வலியும் இல்லாத 1,211 பேருக்குக் கழுத்தை எம்.ஆர்.ஐ. எடுத்து 2015-இல் வெளியிட்டார்கள். அவர்களில் 87.6 சதவீதம் பேருக்குக் கழுத்தெலும்புகளுக்கு இடையிலுள்ள ஜவ்வு பிதுங்கியிருந்தது. இருபதுகளில் இருந்தவர்களிலேயே ஏறக்குறைய முக்கால்வாசிப் பேருக்கு இருந்தது. முப்பத்தாறு வயதில் எக்ஸ்ரேயில் கொஞ்சம் தேய்மானம் தெரிவது தலையில் நரை தெரிகிற மாதிரி சாதாரணம். அதனால் மைக்ரேன் வராது. கழுத்துப் பட்டையைக் கழற்றி வைத்துவிடுங்கள். அதைப் போட்டுக்கொண்டு இருக்க இருக்கத் தசை இன்னும் பலவீனமாகும்.

உழிச்சல் பற்றிக் குறை சொல்ல மாட்டேன். எண்ணெய் போட்டு மெதுவாகத் தடவிவிடுவது இதமாக இருக்கும், தசை தளரும், தூக்கம் வரும், தூக்கம் வந்தால் மைக்ரேனுக்கே நல்லது. குமுளி வரை போய் வந்த பணத்துக்குக் கொஞ்ச நாள் நிம்மதி கிடைத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் தாக்குதல் வந்தவுடன் போய்ப் படுத்தால், 72 மணி நேரத்துக்குள் எப்படியும் அடங்கப்போகிற வலி அடங்கும்போது பெயர் உழிச்சலுக்குப் போய்ச் சேரும். எங்களுக்கும் இப்படி நிறையப் பெயர் வந்து சேர்ந்திருக்கிறது. நார்வேயில் மைக்ரேன் நோயாளிகளுக்கு முதுகெலும்பைச் சொடுக்கிவிடும் சிகிச்சையையும், அதேபோல் பாசாங்காகச் செய்த ஒன்றையும் ஒப்பிட்டு 2017-இல் வெளியிட்டார்கள். இரண்டிலும் தலைவலி நாட்கள் குறைந்தன, இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. உழிச்சலுக்குப் போனால் ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: கழுத்தை முறுக்கக் கூடாது, சொடுக்கக் கூடாது.

இப்போது எனக்கு உண்மையிலேயே கவலை தருகிற விஷயம். கழுத்தைவிட அந்த செட் மாத்திரைதான் என்னை யோசிக்க வைக்கிறது. வாரத்துக்கு மூன்று நாள் என்றால் மாதத்துக்குப் பன்னிரண்டு, பதிமூன்று நாள். பல வலி மருந்துகள் கலந்த மாத்திரையை மாதத்தில் 10 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேல் போட்டுவந்தால், அந்த மாத்திரையே தலைவலியை உண்டாக்கத் தொடங்கும். பாரசிட்டமால் மாதிரித் தனி மருந்துக்கு இந்த எல்லை 15 நாள். கழுத்து இழுக்காத நாளிலும் மந்தமாகத் தலை கனத்துக்கொண்டே இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் சந்தேகம் உறுதிப்படும். போதாததற்கு, காகிதத்தில் மடித்துக் கொடுக்கும் அந்த நாலு மாத்திரையில் என்ன இருக்கிறது என்று வாங்குகிறவருக்கும் தெரியாது, சமயத்தில் கொடுக்கிறவருக்கும் தெரியாது. வலி மருந்து இரண்டு இருக்கலாம், ஸ்டீராய்டு இருக்கலாம். வயிறு, சிறுநீரகம் எல்லாம் அதற்குக் கணக்குக் கேட்கும்.

அதனால் மாத்திரைப் பக்கம் நான் கை வைக்காமல் மருத்துவரிடம் அனுப்புகிறேன். கோட்டயம் வரை போக வேண்டிய நிலை இப்போது இல்லை. தேனி பக்கம் க.விலக்கில் இருக்கும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் முதலில் காட்டுங்கள். தாக்குதல் வரும்போது போட மைக்ரேனுக்கென்றே ட்ரிப்டான் வகை மாத்திரைகள் இருக்கின்றன. இருதய நோய், கட்டுப்படாத இரத்த அழுத்தம் இருந்தால் கொடுக்க மாட்டார்கள். மாதத்தில் நாலைந்து தடவை படுத்துவிடுகிற உங்களுக்குத் தினமும் போடும் தடுப்பு மருந்தும் எழுதலாம். ப்ரோப்ரனலால், அமிட்ரிப்டிலின், ஃப்ளூனாரிசின், டோபிரமேட் என்று பல இருக்கின்றன. ஆஸ்துமா இழைப்பு இருந்தால் ப்ரோப்ரனலால் ஆகாது. இன்னொரு குழந்தை யோசனை இருந்தால் டோபிரமேட் கூடாது. இரண்டையும் அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள். தடுப்பு மருந்து பலன் தெரிய ஒன்றரை, இரண்டு மாதம் ஆகும். ஒரு வாரம் போட்டுவிட்டு 'கேட்கலை' என்று நிறுத்திவிடாதீர்கள். செட் மாத்திரையை நிறுத்தும்போது முதல் சில நாட்கள் தலைவலி கூடலாம், அதையும் அவரிடம் பேசி வைத்துக்கொண்டு நிறுத்துங்கள்.

ஸ்கேன் வேண்டுமா என்பதை நரம்புப் பரிசோதனை செய்துவிட்டு அவர் முடிவு செய்வார். பல வருஷமாக ஒரே மாதிரி வந்து போகும் மைக்ரேனுக்குப் பரிசோதனையும் சரியாக இருந்தால் பெரும்பாலும் தேவைப்படாது. ஆனால் ஒரே நொடியில் உச்சத்துக்குப் போகும் தலைவலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, கை கால் மரத்துப்போதல், பேச்சுக் குழறல், ஒரு கண் இமை மட்டும் தொங்குவது, நடை தடுமாறுவது, இவற்றில் ஏதாவது ஒன்று வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

கழுத்துக்குப் போடும் ஊசி பற்றி யாராவது சொல்லக்கூடும். மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ தலைவலி இருக்கிறவர்களுக்கு நெற்றி, பொட்டு, பின்மண்டை, கழுத்து, தோள்பட்டை என்று 31 இடங்களில் போடாக்ஸ் போடுகிறார்கள், மூன்று மாதத்துக்கு ஒரு முறை. அமெரிக்காவில் 2010-இல் அனுமதி கொடுத்தார்கள். தசையைத் தளர்த்துவதால் வேலை செய்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் வலி நரம்பின் நுனியிலிருந்து சி.ஜி.ஆர்.பி. போன்ற, வலியைத் தூண்டும் பொருள்கள் வெளியே வருவதை அது தடுக்கிறது. உங்களுக்கு இப்போது அது தேவையில்லை, செலவும் அதிகம்.

இனி என் பங்கு.

ஒரு மாதக் காலண்டரை எடுத்துக்கொள்ளுங்கள், மளிகைக் கடையில் கொடுப்பதே போதும். கழுத்து பிடித்த நாளில் 'க', தலை வலித்த நாளில் 'த', மாத்திரை போட்ட நாளில் 'மா', மாதவிலக்கு நாட்களில் ஒரு கோடு. கழுத்து பிடிக்கும்போது கொட்டாவியும் அசதியும் கூட இருந்தால் 'க'வைச் சுற்றி ஒரு வட்டம். வட்டம் போட்ட நாளெல்லாம் தலைவலியில் முடிகிறது, வட்டம் இல்லாத நாள் வெந்நீர் ஒத்தடத்தோடு போய்விடுகிறது என்று தெரிந்தால், எது மைக்ரேனின் கழுத்து, எது வேலையின் கழுத்து என்று உங்களுக்கே பிடிபடும். வட்டமிட்ட நாளில் கழுத்தோடு மல்லுக்கட்ட வேண்டாம். தண்ணீர் குடித்து, ஏதாவது சாப்பிட்டு, முடிந்தால் கொஞ்சம் இருட்டில் படுங்கள். வலி தொடங்கியதும் மருத்துவர் கொடுத்த மாத்திரையைத் தாமதிக்காமல் போடுங்கள். ட்ரிப்டான் வலி லேசாக இருக்கும்போதே போட்டால்தான் நன்றாகக் கேட்கும். மத்தியானம் வரை தாக்குப்பிடித்துப் பார்ப்போம் என்று இருந்தால் வாந்தியில் மாத்திரையும் போய்விடும்.

கழுத்துக்கான பயிற்சியை நல்ல நாட்களில் மட்டும் செய்யுங்கள். ஒன்றுதான் சொல்லப் போகிறேன், ஏனென்றால் பத்து சொன்னால் ஒன்றும் செய்ய மாட்டீர்கள். பாயில் மல்லாக்கப் படுத்து, மடித்த துண்டு ஒன்றைத் தலைக்குக் கீழே வையுங்கள். முழங்காலை மடக்கிக்கொள்ளுங்கள். தலையைத் தூக்காமல், யாரோ சொன்னதற்கு 'உம்' என்று தலையாட்டுகிற அளவுக்கு மட்டும் தாடையை உள்ளே இழுங்கள். பின்மண்டை துண்டின் மேல் லேசாகச் சறுக்க வேண்டும், அவ்வளவுதான். காதுக்குப் பின்னாலிருந்து காறை எலும்பு வரை சாய்வாக வரும் பெரிய தசை இருக்கிறதே, அதன் மேல் விரலை வைத்துப் பாருங்கள். அது கயிறு மாதிரி விறைத்தால் நீங்கள் அதிகமாக இழுக்கிறீர்கள், விட்டுவிட்டுப் பாதி அளவுக்குச் செய்யுங்கள். மூச்சை அடக்காமல் 10 நொடி அப்படியே வைத்துவிட்டுத் தளர்த்துங்கள். பத்து தடவை, காலையும் இரவும். முதல் வாரம் 'இதெல்லாம் ஒரு பயிற்சியா' என்று தோன்றும். ஆறு வாரம் செய்யுங்கள். கழுத்திலிருந்து வரும் தலைவலிக்கு ஆஸ்திரேலியாவில் 200 பேரை வைத்துச் செய்த சோதனையில் ஆறு வாரப் பயிற்சியின் பலன் ஒரு வருஷம் கழித்தும் இருந்தது, 2002-இல் வெளியானது. உங்கள் மைக்ரேனை அது நிறுத்திவிடும் என்று நான் சொல்லவில்லை. கழுத்து மைக்ரேனுக்குப் போடும் தூபத்தைக் குறைக்கும்.

கூடவே நடை. ஸ்வீடனில் மைக்ரேன் உள்ளவர்களை மூன்று பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு வாரம் மூன்று முறை 40 நிமிடம் சைக்கிள் மாதிரியான பயிற்சி, ஒரு பிரிவுக்கு உடல் தளர்த்தும் பயிற்சி, ஒரு பிரிவுக்கு டோபிரமேட் மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். மூன்றும் ஏறக்குறைய ஒரே அளவு பலன் தந்தன. மூச்சு வாங்கும் அளவு வேகமாக நடந்தால் போதும். கடையில் நிற்பதும் நடப்பதும் கணக்கில் வராது, வீட்டுக்குத் திரும்பும்போது ஒரு ஸ்டாப் முன்னால் இறங்கி நடந்தால் வரும்.

வேலை இடத்தில் சுளகைத் தரையிலிருந்து தூக்குங்கள். பலகையோ கவிழ்த்த பெட்டியோ எதுவானாலும் சரி, முழங்கை மடங்கி இருக்கும் உயரத்துக்குச் சுளகு வந்தால் தலை தானாக நிமிரும். முதுகு சுவரில் சாய வேண்டும். பல்பு கண்ணுக்கு நேராக இல்லாமல் தோளுக்குப் பின்னால் இருக்கட்டும். அரை மணிக்கு ஒரு முறை சுளகை மாற்ற எழுந்து போங்கள். மேஸ்திரி முறைத்தால், ரெண்டு நாள் லீவு போடுவதைவிட இது தேவலை என்று சொல்லுங்கள். காலையில் வெறும் டீயோடு வந்து பதினொரு மணிக்குத்தான் சாப்பாடு என்றால் அதை மாற்றுங்கள், ரெண்டு இட்லியாவது உள்ளே போகட்டும். பசியோடு இருப்பது பலருக்கு மைக்ரேனைக் கிளப்பும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வரை தூங்குவதும் கிளப்பும், அது உங்களுக்குக் கிடைக்கிற ஒரே சுகமாக இருந்தாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

உங்கள் பெண்ணைப் பற்றி. மைக்ரேன் குடும்பத்தில் ஓடுகிற வியாதி, அதனால் அவளுக்கு வர வாய்ப்பு உண்டு, வந்தே தீரும் என்பதில்லை. வண்டியில் போனால் குமட்டுவது மைக்ரேன் உள்ளவர்களிடமும் அவர்கள் பிள்ளைகளிடமும் அதிகமாகக் காணப்படுகிறது. அதனால் ஜீப் வாந்தியை மட்டும் வைத்து முடிவு செய்யாமல், பள்ளிக்கூடம் விட்டு வந்து நெற்றி வலிக்கிறது என்று படுத்துத் தூங்கி எழுந்ததும் சரியாகிவிடுகிறதா, வெளிச்சம் பிடிக்கவில்லை என்கிறாளா என்று கவனியுங்கள். பிள்ளைகளுக்கு இரண்டு பக்கமும் நெற்றியில் வரும், ஒன்றிரண்டு மணி நேரத்திலேயே அடங்கியும் விடும். மலையேறும்போது முன் சீட்டில் டிரைவர் பக்கத்தில் உட்கார வையுங்கள், தூரத்து ரோட்டைப் பார்க்கச் சொல்லுங்கள், போனைக் கையில் கொடுக்காதீர்கள், வெறும் வயிற்றோடும் வயிறு முட்டவும் ஏற்றாதீர்கள். மாதத்தில் இரண்டு மூன்று தடவை தலைவலி என்று படுக்கிறாள் என்றால், உங்களோடு அவளையும் கூட்டிக்கொண்டு போய் அதே மருத்துவரிடம் காட்டுங்கள். பெரியவர்கள் மாத்திரையைப் பாதி உடைத்துக் கொடுக்க வேண்டாம்.

ஆறு வாரம் கழித்து அந்தக் காலண்டர் தாளைப் படம் எடுத்து அனுப்புங்கள். 'மா' எத்தனை இருக்கிறது என்றுதான் முதலில் எண்ணிப் பார்ப்பேன்.